முழித்திருக்கிறவனைத் தொடாதவள்

புதுச் செருப்பு வாங்கினால், "பழச இங்கனயே போட்டுட்டுப் போங்க தாயி" என்று கடைக்காரர் சொல்வார் இல்லையா, அப்போது அவள் அவரைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, பெற்ற பிள்ளையைக் கேட்டுவிட்டது மாதிரி இருக்கும். பழசைத் தாளில் சுற்றி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வாள். புதுசு காலைக் கடிக்காமல், ஒரு மழையில் நனைந்து காய்ந்து, இனி இதை நம்பலாம் என்று அவள் மனதுக்குப் படுகிறவரை பழசு அங்கேயே கிடக்கும். போன் மாற்றியபோதும் அப்படித்தான். பழைய போனும் சார்ஜ் ஏறி, கைப்பைக்குள் தயாராக இருந்தது.

"ஏட்டி, ஒன்னையக் கெட்டுதவன் பாடு திண்டாட்டந்தான்" என்று நான் கேலி செய்வேன்.

"அதுக்குத்தான் எக்கா, எவனையும் திண்டாட விடாம இருக்கேன்" என்பாள்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், இப்போது இருக்கிற தூரதேசத்திலிருந்து போன் போட்டு, "என்னையப் போயி எழுதிருக்கிய, வேற ஆளே கெடைக்கலையா?" என்று ஒரு மூச்சு திட்டுவாள். பெயரில்லாமலே அவளைச் சொல்லிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கிற எதன்மேலும் கை வைக்க மாட்டாள். எதைப் புதிதாகச் செய்தாலும் திரும்பி வர ஒரு வழியை வைத்துக்கொண்டுதான் செய்வாள். அவ்வளவுதான் அவள். அந்தக் குணத்தால் பிழைத்தவள் நான் என்பதால் எழுதுகிறேன்.

கொரோனா ஓய்ந்து எல்லோரும் மறுபடி அலுவலகம் போகத் தொடங்கியிருந்த சமயம். நான் சென்னையிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு தென்காசியில் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தேன். ஏன் வந்தேன் என்பதை விரிக்க வேண்டியதில்லை. அடி வாங்கிய கன்னத்துக்கு விளக்கம் எதற்கு? ஆனால் ஊருக்கு விளக்கம் வேண்டும். ஒரு வாரம் தங்கினால் "லீவா?" என்று கேட்பார்கள். ஒரு மாதம் தங்கினால் "எப்பம்மா ஊருக்கு?" என்பார்கள். அதற்கு மேலும் தங்கினால் நம்மிடம் கேட்க மாட்டார்கள். தேர் நிற்கிற இடத்தில் நின்று, குரலைத் தாழ்த்தி, "திரும்பி வந்துட்டாளாம்லா" என்பார்கள்.

போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பா, என்னை என் வீட்டுக்காரரோடு பேசிச் சேர்த்து வைப்பதையே ஒரு டியூட்டியாக எடுத்துக்கொண்டார். அப்பா எதுவும் பேசவில்லை. ஒரே ஒரு நாள் மட்டும், "ஒரு வேலை நெலச்சு, ஓங் கால்ல நின்னுட்டீன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. இல்லன்னா எனக்கும் வயசாகுதுல்லா" என்றார். எனக்கு அது தெளிவாகப் புரிந்தது. வேலை நிலைத்தால் தென்காசி. இல்லையென்றால் சென்னை, அந்த வீடு.

கிடைத்த வேலை மேலகரத்தில். குற்றாலம் சாலையில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடி. எங்கெங்கோ இருக்கிற கம்பெனிகளின் சர்வர்களை இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிற வேலை. சீசன் நேரத்தில் ஜன்னலைத் திறந்தால் சாரல் கீபோர்டில் விழும். மூடினாலும் அருவிக்குப் போகிற வேன்களின் பாட்டுச் சத்தம் உள்ளே வந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் இதே வேலையைச் சில காலம் பார்த்திருந்தேன் என்பதால், ஆறு மாதம் பார்ப்போம், சரியாக வந்தால் நிரந்தரம் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார் மேலாளர். அவரை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். சார் என்றால் பின்னால் திரும்பி வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பார். அவர் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தது அவள் பக்கத்து நாற்காலியில். அவள் என்னைவிட ரொம்ப இளையவள். அது எனக்கு முதல் வாரம் முழுக்கக் குத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் ஊர் புளியறை. கேரள எல்லைச் செக்போஸ்ட்டுக்குச் சற்று முன்னால் அவள் அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். லாரி டிரைவர்களுக்குத் தண்ணீர் வைத்து வளர்ந்தவள். பேச்சில் மலையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். டிபன் பாக்ஸைப் பங்கு வைக்கும்போது "மதி, மதி" என்று கையைக் குறுக்கே நீட்டுவாள். யாராவது தப்பு செய்துவிட்டு முழித்தால், பரவாயில்லை என்பதற்கு "சாரமில்ல" என்பாள்.

முதல் நாளே எனக்குப் பாடத்தை நாலு வரியில் முடித்துவிட்டாள். "எக்கா, இந்த மெஷினுக்குள்ள ரெண்டு பேரு இருக்காங்கன்னு வச்சுக்கிடுங்க. ஒருத்தன் முழிச்சிருக்கான், வேலை பாக்குதான். இன்னொருத்தன் உறங்குதான். வைத்தியம் எல்லாம் உறங்குதவனுக்குத்தான். முழிச்சிருக்கவன் மேல கைய வைக்கப்படாது."

அந்த சர்வர்களை ஓட்டுகிற யூனிக்ஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பெரிய சர்வர்களுக்கு அவ்வப்போது பேட்ச் போட வேண்டும். ஓட்டைகளை அடைக்கிற திருத்தங்கள் அவை. ஓடுகிற மெஷினிலேயே நேராகப் போடலாம். ஆனால் பாதியில் சிக்கிக்கொண்டால் மெஷின் படுத்துவிடும், அதை நம்பி இருக்கிறவர்களும் சேர்ந்து படுக்க வேண்டியதுதான். அதற்குப் பதிலாக, ஓடுகிறதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட வேண்டும். அந்த நகல்தான் உறங்குகிறவன். பட்டப்பகலில், எல்லோரும் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவனுக்குப் பேட்ச் போடலாம். யாருக்கும் தெரியாது. எல்லாம் முடிந்ததும், அடுத்த முறை நீ எழுந்திருக்கும்போது அவனாக எழுந்திரு என்று மெஷினுக்குச் சொல்லி, ஒருமுறை முறைப்படி அணைத்து எழுப்ப வேண்டும். சரியாக இல்லையென்றால், அதே மாதிரி இன்னொரு முறை அணைத்து, பழையவனையே எழுப்பிவிடலாம். வாடிக்கையாளரின் கணக்குவழக்கெல்லாம் தனி டிஸ்க்கில் இருப்பதால் யார் எழுந்தாலும் அதற்குச் சேதமில்லை.

இந்த முறையை அவள் கண்டுபிடிக்கவில்லை. உலகமெங்கும் செய்கிறார்கள். ஆனால் அதை ஒரு விரதம் மாதிரி பிடித்துக்கொண்டவள் அவள்தான். ஒரு தடவை, சின்னப் பேட்ச்தானே, நேராகப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"சின்னதுதான். ஆனா நாம கை வைக்கது துறைமுகத்துல சரக்கு அடுக்குத கிட்டங்கி மெஷின்லா. அது நின்னா கேட் பாஸ் அடிக்காது. கேட் பாஸ் இல்லன்னா லாரி நிக்கும்." நாற்காலியை என் பக்கம் திருப்பிச் சொன்னாள். "எங்க கடை வாசல்ல லாரி வரிசை நின்னு பாத்திருக்கேன் எக்கா. உள்ள புளியங்குடி எலுமிச்சங்கா வெந்துகிட்டு கெடக்கும். டிரைவரு சோத்தப் பெசஞ்சு வச்சுட்டு, திங்காம ரோட்டையே பாத்துட்டு இருப்பாரு."

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அண்ணாச்சிக்குப் பொறுமை கிடையாது. எங்கள் வேலையில் ஒரு குழி உண்டு. ஆளை மாற்றி எழுப்பு என்று சொன்ன பிறகு மெஷினை நிதானமாக அணைக்கிற கட்டளையைத்தான் கொடுக்க வேண்டும். சட்டென்று அணைத்து எழுப்புகிற இன்னொரு கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்தால் ஆளை மாற்றுகிற காரியம் நடக்காமலே மெஷின் எழுந்துவிடும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒரு நாள் அவள் விடுப்பில் இருந்தபோது அண்ணாச்சியே ஒரு சர்வரை மாற்றினார். 'முடிந்தது' என்று வாடிக்கையாளருக்குச் சொல்லியும் விட்டார். வெற்றியைக் கொண்டாட பிரானூர் பார்டரிலிருந்து பரோட்டாவும் கோழியும் வரவழைத்து எல்லோரும் தின்றோம். மறுநாள் அவள் வந்து திரையைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இதுல பழைய ஆளுதான முழிச்சிருக்கான்?"

அண்ணாச்சி முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. "அப்ப நேத்து தின்ன பரோட்டா?"

"அது புதுசுதான் அண்ணாச்சி. சாரமில்ல, இன்னைக்கு நான் மாத்திருதேன். எனக்கு ஒரு செட்டு பரோட்டா பாக்கி."

அவளோடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போவது தனிக் கூத்து. மெயினருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று கேள்விப்பட்டால் மத்தியானம் நாங்கள் நாலைந்து பெண்கள் கிளம்பிவிடுவோம். ஆனால் எல்லோரையும் ஒன்றாக அருவிக்குள் போக விட மாட்டாள். ஒருத்தி கட்டாயம் நனையாமல் படிக்கட்டில் நிற்க வேண்டும். மாற்றுத் துணி, போன், கண்ணாடி, சாவி எல்லாம் அவளிடம். "எல்லாரும் நனஞ்சுட்டா துண்ட யாரு எடுத்துக் குடுப்பா?" என்று கேட்பாள். நின்றவள் குளிக்கப் போகும்போது, குளித்து வந்தவள் நிற்பாள். ஒரு தடவை தண்ணீர் திடீரென்று நிறம் மாறி, போலீஸ் விசிலடித்து எல்லோரையும் விரட்டினார்கள். கூட்டம் செருப்பையும் துணியையும் தேடி அலறிக்கொண்டு ஓடியது. எங்களுக்கு எல்லாம் படியில் தயாராக இருந்தது. அன்று படியில் நின்றவள் அவள்தான். எண்ணெய் தேய்த்த தலையோடு, அருவியில் ஒரு சொட்டுக்கூடப் படாமல் அலுவலகம் திரும்பினாள். மிச்சப் பொழுது முழுக்க எண்ணெய் வழிந்தது. அதற்காக வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

எரிச்சலும் மூட்டுவாள், இல்லாமல் இல்லை. மாற்றி எழுப்பிய சர்வர் நன்றாகத்தான் ஓடும். பழையவனை அழித்தால் டிஸ்க்கில் இடம் கிடைக்கும் என்று அண்ணாச்சி கத்துவார். "இன்னும் ஒரு மாசக் கடைசி போகட்டும்" என்பாள். மாசக் கடைசி போகும். "வருசக் கணக்கு முடியட்டும்" என்பாள். அவளோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோய், அண்ணாச்சி புது டிஸ்க் வாங்கிப் போட்ட கதையெல்லாம் உண்டு.

ஐந்து மாதம் தாண்டியதும் துறைமுகத்துக் கிட்டங்கி சர்வரை என்னிடமே விட்டார்கள். இதை ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம் என்று அண்ணாச்சி நேராகவே சொன்னார். அந்த வாரம் முழுக்க நகல் எடுத்து, பேட்ச் போட்டு, ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே லாரி வரத்து குறைவு. அப்போது மாற்றுவதாக ஏற்பாடு. அவளுக்கு அன்று விடுமுறை. ஆனாலும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

மாற்றினேன். நிதானமான கட்டளைதான் கொடுத்தேன். புதியவன் எழுந்தான். திரையில் எல்லாம் பச்சை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது கிட்டங்கியிலிருந்து போன். கேட்டில் பாஸ் அடிக்கவில்லை.

காரணம் கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. நான் நகல் எடுத்த பிறகு, அங்கே இருந்தவர்கள் கேட்டுக்கு ஒரு புது பிரிண்டர் வாங்கி, முழித்திருந்தவனிடம் அதைச் சேர்த்திருக்கிறார்கள். எங்களுக்குச் சொல்லவில்லை. உறங்கிக்கொண்டிருந்தவனுக்கு அந்த பிரிண்டர் இருப்பதே தெரியாது. அங்கே பிரிண்டரைப் போட்ட ஆள் ஊரில் இல்லை, போன் எடுக்கவில்லை. நான் இங்கிருந்தே அதைச் சேர்க்கப் பார்த்தேன். வரவில்லை. வேறு மாதிரி பார்த்தேன். வரவில்லை. போனில் கேட்டில் நின்ற ஆள், "மேடம், வண்டி ரோடு வரைக்கும் நிக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பழையவனை எழுப்பினால் தீர்ந்தது. எனக்கும் தெரியும். ஆனால் என் கை போகவில்லை. 'இன்னும் கொஞ்சம், இந்தா வந்துரும்' என்று தட்டிக்கொண்டே இருந்தேன். திரும்பினால் தோற்றுவிட்டேன் என்று ஆகும், வேலை போகும், சென்னைக்குப் போக வேண்டும் என்று மண்டைக்குள் ஓடியது. திரும்பி வந்துட்டா, திரும்பி வந்துட்டா என்று ஊரே காதுக்குள் சொல்வது மாதிரி இருந்தது.

அவள் நினைத்திருந்தால் என் கையைத் தள்ளிவிட்டு அவளே செய்திருக்கலாம். அரை நிமிட வேலை. வேறு யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள், நானும் செய்திருப்பேன். அவள் கீபோர்டைத் தொடவில்லை. முறுக்குப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எக்கா, எதுக்குப் பயப்படுதிய? பழையவன் அங்கனயேதான இருக்கான். திரும்புங்க. திரும்பத்தான அவன வச்சிருக்கோம்."

அவள் குரலில் அவசரமே இல்லை. சோறு ஆறுகிறது, சாப்பிட வாருங்கள் என்கிற மாதிரி சொன்னாள். நான் திரும்பினேன். பழையவன் எழுந்தான், பாஸ் அடித்தது. போனில் லாரிகள் கிளம்புகிற சத்தம் கேட்டதும் அவள் முறுக்கை மறுபடி கையில் எடுத்தாள்.

திங்கட்கிழமை அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "தோல்வின்னு எழுதிரவா?" என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, மேலே பதில் சொல்ல வேண்டியவர்.

அவள்தான் பதில் சொன்னாள். "தோல்வி எங்கன இருக்கு அண்ணாச்சி? போய்ப் பாத்தாங்க, சரியில்ல, திரும்பி வந்துட்டாங்க. ஒரு லாரிக்கும் சேதமில்ல. திரும்பி வரத் தெரியாம அங்கனயே கெடந்து அந்தப் புதுசுக்கே ஒட்டு மேல ஒட்டாப் போட்டுட்டு இருந்தாத்தான் தோல்வி. அந்த நகல அழிச்சுட்டு, புதுசா எடுத்து, வார ஞாயித்துக்கெழம அக்காவே செய்யட்டும்."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செய்யி தாயி" என்றார்.

அவள் சர்வரைப் பற்றித்தான் பேசினாள். என் கதை அவளுக்குப் பாதிதான் தெரியும். ஆனாலும் எனக்காகவே சொன்ன மாதிரி இருந்தது. திரும்பி வருவதும் வேலையின் ஒரு பாகம்தான் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவளுக்கு நான் இன்றைக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். நேரில் சொன்னால் "சாரமில்ல" என்பாள்.

அன்று சாயங்காலமே சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நடந்தது எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. "வேலையும் நெலைக்குத மாதிரி தெரியல. வெள்ளிக்குப் பெறகு மாப்பிள்ள வீட்டாள்கள வரச் சொல்லுதேன். பேசி முடிச்சிருவோம்" என்றார். வருகிற ஞாயிறு வரை பொறுங்கள் என்று கெஞ்சி நிறுத்தினேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த வாரம் முதல் வேலையாக, கெட்டுப்போன நகலை அழித்தேன். கிட்டங்கிக்குப் போன் போட்டு, புதிதாக ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா என்று கேட்ட பிறகு மறுபடி நகல் எடுத்தேன். ஞாயிறு மத்தியானம் மாற்றினேன். புதியவன் எழுந்தான். கேட்டில் பாஸ் அடிக்கிற சத்தத்தைப் போனிலேயே கேட்க வைத்தார் கேட்டில் நின்ற அதே ஆள். சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. அண்ணாச்சி போனில், "ஆர்டர் நாளைக்குக் கையில கெடைக்கும். நிரந்தரந்தான்" என்றார்.

அவள் ஸ்கூட்டரில் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டாள். காப்பி குடித்துவிட்டுப் போ என்று உள்ளே இழுத்தேன். உள்ளே சித்தப்பா உட்கார்ந்திருந்தார். அவளை விசாரித்துவிட்டு, நல்ல பிள்ளையாக இருக்கிறாளே என்று நேராகக் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, நீ படிச்ச பிள்ள. இவகூட வேல பாக்குத. நீயாவது எடுத்துச் சொல்லேன். குடும்பம்னா சண்ட வரத்தான் செய்யும். ஒட்டுப் போட்டுச் சரிபண்ணிக்கிட வேண்டியதுதான?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தால் சித்தப்பா திணறிப் போவார் என்று எனக்குத் தெரியும். அவள் காப்பியை ஊதிக்கொண்டிருந்தாள். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி ஊதினாள்.

அவள் பேசப் போவதில்லை என்பது புரிந்தது. நானே பேசினேன்.

"சித்தப்பா, நான் போய்ப் பாத்துட்டேன். சரியில்ல. திரும்பி வந்துட்டேன்."

"அதத்தான ஏட்டி ஊரே சொல்லுது!"

"ஊரு சொல்லுதது சரிதான். திரும்பித்தான் வந்திருக்கேன். இனி அங்கன போவ மாட்டேன்."

சித்தப்பா எதிரே இருந்த அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலை என்னாச்சு பிள்ள?"

"நிரந்தரம்பா. நாளைக்கு ஆர்டர் குடுக்காங்க."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு தம்பியைப் பார்த்து, சாதாரணமாகச் சொன்னார்.

"ஏலே, அவங்களுக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிரு."

நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவள் பின்னாலேயே வந்தாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து என் தோளில் போட்டுவிட்டு, நான் அழுது முடிக்கிறவரை பக்கத்தில் நின்றாள்.